கற்றுக்கொடுத்த அக்காவின் தட்டில் கறுத்த காய்

கேள்வி: நான் கம்பத்தைச் சேர்ந்தவன், வயது 31. கேரளத்தில் வண்டன்மேடு பக்கத்தில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் (காயை உலர்த்தித் தரம் பிரிக்கிற இடம்), குறையுள்ள காயைப் பிரித்தெடுக்கிற, அதாவது காய் பொறுக்கும் பகுதிக்குச் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் பொறுப்பில் 12 பெண்கள். எல்லோரும் தினமும் ஜீப்பில் கம்பமெட்டு ஏறி வந்து போகிறவர்கள், நாள் கூலி. அவர்களில் ஓர் அக்காவுக்கு 47 வயது. 19 ஆண்டுகளாக இதே வேலை. நான் சேர்ந்த புதிதில் எனக்கே காய் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர். ஓணம் கழிந்ததிலிருந்து, இந்த நான்கு மாதமாக, அவர் வேலை இறங்கிக்கொண்டே வருகிறது. வெடித்த காயும் கறுத்த காயும் தட்டிலேயே தங்கிவிடுகின்றன. மற்றவர்கள் இரண்டு தட்டு முடிப்பதற்குள் அவர் ஒன்றைத்தான் முடிக்கிறார். உட்கார்ந்த இடத்தில் இருப்பதில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுகிறார். மதியத்துக்கு மேல் தலைவலி என்கிறார். சோம்பல் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். போன மாதம் ஒரு வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி மலையாளி, நல்லவர்தான். ஆனால், ‘கூலியில் பிடி, இல்லையென்றால் ஆளை மாற்று’ என்கிறார். இப்போதைக்கு மற்ற பெண்களிடம் அவர் தட்டை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் முணுமுணுக்கிறார்கள். ஒருநாள் பொறுத்துக்கொள்ள முடியாமல் எல்லோர் முன்னிலையிலும், ‘உங்கள் தட்டைப் பார்த்துத்தானே அக்கா நாங்கள் எல்லாம் படித்தோம், இப்போது என்ன ஆயிற்று?’ என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் பேச்சே இல்லை. மூத்தவரைக் கண்டிக்கவும் மனம் வரவில்லை, விடவும் முடியவில்லை. என்ன செய்வது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கம்பம்)

பதில்:

தம்பி, நான்கு மாதமாக அவர் வேலை குறைவதை நீங்கள் பார்க்கிறீர்கள், முதலாளி பார்க்கிறார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் பார்க்கிறார்கள். ‘அக்கா, என்ன காரணம்?’ என்று அவரைத் தனியாகக் கூப்பிட்டு யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை. எல்லோர் முன்னிலையிலும் கேட்டதைச் சொல்கிறீர்கள். அது கேள்வியாக அவர் காதில் விழுந்திருக்காது. பத்துப் பன்னிரண்டு பேர் கை வேலையை நிறுத்திவிட்டுத் தன் முகத்தைப் பார்க்கும்போது ஒருவர் என்ன பதில் சொல்ல முடியும்? அதுவும் தான் பழக்கிவிட்ட பிள்ளையிடமிருந்து அந்த வார்த்தை வரும்போது? நேரடியாகத் திட்டியிருந்தால்கூட அவர் அன்று மாலை ஜீப்பிலேயே மறந்திருப்பார்.

ஆகவே கண்டிப்பதா விடுவதா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது.

சோம்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், நீங்களே எழுதிய அந்த ஜன்னல். வேலையில் மனம் விட்டுப்போனவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே நேரத்தைக் கடத்துவார். கால் கடுக்க எழுந்து போய் ஜன்னலோரம் நிற்கமாட்டார். இவர் வெளிச்சத்தைத் தேடிப் போகிறார். மதியத்துக்கு மேல் தலைவலி என்கிறார். வயது 47. தட்டில் தங்கிவிடுகிறவை எவை என்று பாருங்கள். வெடித்த காய், கறுத்த காய். காயின் பருமனைச் சல்லடை பிரித்துக் கொடுத்துவிடுகிறது. 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்பதற்குக் கண் வேண்டாம். நிறத்தையும் வெடிப்பையும் இலைப்பேன் என்ற சிறு பூச்சி தாக்கிச் சொறி விழுந்த தோலையும் கண்டுபிடிக்கத்தான் கண் வேண்டும். அவர் தவறுவது அங்கே மட்டும்தான் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வெள்ளெழுத்தை. நாற்பதைத் தாண்டிய எவருக்கும் வருவது. எட்ட இருப்பது நன்றாகத் தெரியும். கைக்கருகில் இருப்பது மங்கும். ஜீப் வருவதைத் தூரத்திலேயே சொல்லிவிடுகிற கண், மடியில் இருக்கிற காயில் தடுமாறும். அதனால்தான் சம்பந்தப்பட்டவருக்கே அது கண் கோளாறு என்று தோன்றுவதில்லை. கை ஓடவில்லை, உடம்பு அசதி என்றுதான் நினைத்துக்கொள்வார்.

நான் கண் மருத்துவர் இல்லை. தொழிலாளர் நல ஆலோசகர். கடிதத்தை வைத்து நோயைச் சொல்வது சரியுமில்லை. வேறு காரணமும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கிற வழியைச் சொல்கிறேன்.

ஒரு வாரம் எல்லோருடைய தட்டையும் ஒரே மாதிரி சோதியுங்கள். அவர் தட்டை மட்டும் தனியாக எடுக்காதீர்கள். பொறுக்கி முடித்த ஒவ்வொரு தட்டிலிருந்தும் 100 கிராம் எடுத்து, அதில் தப்பிய காய் எத்தனை, என்ன குறை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். காலையில் முடித்த தட்டா, மூன்று மணிக்கு மேல் முடித்ததா என்பதையும் குறியுங்கள். மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் மூன்று மணியே பொழுது சாய்ந்த மாதிரிதான். ட்யூப் லைட் ஒன்று அறைக்கு நடுவில் எரிந்தால் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர் தன் நிழலில்தான் பொறுக்குகிறார். காலைத் தட்டு சுத்தமாகவும் மாலைத் தட்டு மோசமாகவும் இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. இரண்டும் ஒன்றுபோல் மோசமாக இருந்தால் வேறு பக்கம் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் அதே நோட்டில் எழுதுங்கள்: எந்தச் சாக்கு யாருக்குப் போகிறது. இதை நான் பல ஸ்டோர்களில் கண்டிருக்கிறேன். கைதேர்ந்தவர் என்று பேரெடுத்தவருக்குத்தான் மோசமான சரக்கைத் தள்ளுவார்கள். மழையில் எடுத்த காய், சரியாக உலராத காய், சொறி மிகுந்த காய் எல்லாம் ‘அக்கா பார்த்துக்கொள்வார்’ என்று அவர் முன்னால் வந்துவிடும். நல்ல சாக்கு புதியவர்களுக்குப் போகும். பிறகு இரண்டு பேரின் தட்டையும் பக்கத்தில் வைத்து, ‘இவர் ஒன்று முடிப்பதற்குள் அவள் இரண்டு முடிக்கிறாள்’ என்று கணக்குப் பார்ப்பார்கள். 19 ஆண்டு அனுபவத்துக்கு இப்படியொரு தண்டனை உங்கள் ஸ்டோரிலும் நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

இந்த நோட்டுடன்தான் அவரிடம் பேச வேண்டும். நோட்டு இல்லாமல் போனால், ‘முன்பு மாதிரி இல்லை’ என்ற ஒரே வாக்கியம்தான் உங்கள் கையில் இருக்கும். அதைக் கேட்கிறவருக்கு, ‘உனக்கு வயதாகிவிட்டது’ என்று கேட்கும்.

எங்கே பேசுவது என்பதும் முக்கியம். ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். மலைக்கு வேலைக்கு வந்து போகிற பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை ஜீப்பில் ஏறினால் அது மேட்டிலிருந்து இறங்குவதற்குள் ஊரெல்லாம் பரவிவிடும். எல்லோர் கண்ணிலும் படுகிற, ஆனால் யார் காதுக்கும் எட்டாத இடமாகப் பாருங்கள். ஸ்டோருக்கு வெளியே திண்ணையோ, சாக்கு அடுக்கியிருக்கிற தாழ்வாரமோ போதும். காலைத் தேநீர் முடிந்த நேரம் நல்லது. மாலையில் வேண்டாம்; ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது யாரும் மனதில் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். நீங்களும் நின்றுகொண்டு பேசாதீர்கள், உட்காருங்கள்.

முதல் பேச்சு மன்னிப்பாக இருக்கட்டும். ‘அக்கா, அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டது என் தப்பு. உங்களைத் தனியாகக் கேட்டிருக்க வேண்டும்.’ அவ்வளவு போதும். ‘ஆனால் முதலாளி நெருக்கியதால்தான்’ என்று அதற்கு வால் ஒட்டாதீர்கள். பிறகு நோட்டைத் திறந்து, அவருடைய தட்டிலிருந்து எடுத்து வைத்த காய்களை ஒரு தாளில் கொட்டிக் காட்டுங்கள். ‘போன வாரம் உங்கள் தட்டில் இவ்வளவு தப்பியிருக்கிறது. காலையில் குறைவு, மதியத்துக்கு மேல் அதிகம். உங்கள் கைக்கு இது பழக்கமில்லாதது என்று எனக்குத் தெரியும். என்ன தடையாக இருக்கிறது?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்தக் கொஞ்ச நேர மௌனத்தைத் தாங்க முடியாமல் சூப்பர்வைசர்கள் தாங்களே காரணத்தையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ‘வீட்டில் பிரச்சினையா? உடம்பு சரியில்லையா?’ என்று நீங்கள் நீட்டினால், தலையசைத்துத் தப்பித்துக்கொள்வது அவருக்குச் சுலபம். உண்மையான காரணம் உள்ளேயே தங்கிவிடும்.

கண்ணைப் பற்றி நீங்களாகத் தொடங்காதீர்கள். அவருக்கே அந்தச் சந்தேகம் இருக்கலாம். இருந்தும் வாய் திறக்காமல் இருக்கலாம். காய் பொறுக்குகிறவர் ‘எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை’ என்று ஒப்புக்கொண்டால் மறுநாள் வேலை இருக்குமா என்ற பயம் நியாயமானது. ஜன்னலோரம் போய் நின்றதற்கும் வாயை மூடிக்கொண்டதற்கும் அந்தப் பயமே காரணமாக இருக்கலாம். அந்தப் பயம் போக ஒரே வழி, பரிசோதனையை அவருக்கென்று வைக்காமல் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் வைப்பது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே கூட்டிப் போகலாம். வெறும் வெள்ளெழுத்தாக இருந்தால் வாசிப்புக் கண்ணாடியோடு முடிந்துவிடும். கண்புரையோ, சர்க்கரை நோயால் வந்த பாதிப்போ என்றாலும் அங்கேயே தெரிந்துவிடும். அதனால்தான் கடையில் தொங்குகிற கண்ணாடியை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது.

கண்ணாடிக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு வாசிப்புக் கண்ணாடியை உடனே கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் ஒரு நாளில் பறித்த இலை, போடாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் இது வெளியானது. கொழுந்து பறிக்கவே இவ்வளவு வித்தியாசம் என்றால், பச்சைக்கும் வெளிறிய பச்சைக்கும் உள்ள பேதத்தைப் பார்த்துப் பொறுக்கிற வேலைக்கு என்ன ஆகும் என்று உங்கள் முதலாளி யோசித்துப் பார்க்கட்டும். ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறுகிறது. அந்த ஒரு கிலோவின் விலையைத் தீர்மானிக்கிறவர்கள் கடைசியில் இந்தப் பன்னிரண்டு பேர்தான். புற்றடியிலும் போடியிலும் ஏலத்துக்குப் போகிற சரக்கில் நிறத்துக்குத்தானே விலை!

பரிசோதனை வரைக்கும் காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவருடைய இடத்தை ஜன்னலோரம் மாற்றுங்கள். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் இருக்காது. விளக்கை ஆளுக்கு முன்னால், கொஞ்சம் தாழ்வாகத் தொங்கவிடுங்கள். தூசி படிந்த ட்யூப்பைத் துடையுங்கள். உலர்ந்த காயின் தூசி எவ்வளவு சீக்கிரம் படியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் கண் இல்லை என்றால்? அவர் வயதுப் பெண்ணுக்கு ரத்தசோகை இருக்கலாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் தூக்கம் கெட்டு உடம்பு தளர்ந்திருக்கலாம். இதையெல்லாம் உங்களிடம் சொல்லமாட்டார், சொல்லவும் தேவையில்லை. அவர் நம்புகிற மூத்த பெண் ஒருவரிடம் சொல்லும்படி விடுங்கள். வீட்டில் நோயாளி, வட்டிக்கடன், குடிக்கிற கணவர் என்று எதுவும் இருக்கலாம். அவர் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். சொன்னது உங்களோடு இருக்கட்டும்; முதலாளிக்கு, ‘காரணம் தெரிந்துவிட்டது, சரிசெய்ய இவ்வளவு நாள் வேண்டும்’ என்பது மட்டும் போதும்.

எல்லாம் பார்த்த பிறகும், கண் சரி, வெளிச்சம் சரி, உடம்பு சரி, மனமில்லாமல்தான் செய்கிறார் என்று தெரிந்தால், அப்போது கண்டிப்பாக இருங்கள். மூத்தவர் என்பதற்காகத் தயங்க வேண்டாம். ‘அக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டே தெளிவாகச் சொல்ல முடியும்: ‘100 கிராமில் இத்தனை காய்க்கு மேல் தப்பக் கூடாது. நாள் ஒன்றுக்கு இத்தனை தட்டு. நாலு வாரம். வாரம் ஒருநாள் நாம் இருவரும் உட்கார்ந்து நோட்டைப் பார்ப்போம்.’ அந்த அளவு பன்னிரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னேறினால் அதையும் சொல்லுங்கள். குறையை மட்டும் சொல்கிற வாயைப் பார்த்தாலே யாருக்கும் வேலை ஓடாது. நாலு வாரத்துக்குப் பிறகும் மாற்றமில்லை என்றால்தான் எழுத்தில் எச்சரிக்கை.

அந்த எழுத்து தமிழில் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். உங்கள் பக்கத்து ஸ்டோர்களில் காகிதங்கள் பெரும்பாலும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் வேலை செய்து மலையாளம் சரளமாகப் பேசுகிற நம் பெண்கள் பலருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது அநியாயம்; நாளைக்கு விசாரணை என்று வந்தால் அந்தத் தாள் உங்களுக்கும் கைகொடுக்காது. தமிழில் எழுதி, படித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள்.

இனி முதலாளி. ‘கூலியில் பிடி’ என்று அவர் சொல்வது நினைத்தபடி செய்யக்கூடியதில்லை. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும் சரி, அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, அபராதத்துக்கு எல்லை போட்டிருக்கின்றன. ஓர் ஊதியக் காலத்தில் போடுகிற அபராதம் அந்த ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தொழிலாளியிடம் விளக்கம் கேட்காமல் போடவும் கூடாது. வியாபாரி திருப்பி அனுப்பிய சரக்கின் நஷ்டத்தை ஒருவர் தலையில் கட்டுவதும் அவ்வளவு எளிதில்லை. அவர் கவனக்குறைவால்தான் நஷ்டம் வந்தது என்று காட்ட வேண்டும். அதற்கும் அவர் பக்கத்தைக் கேட்டாக வேண்டும். பன்னிரண்டு பேர் பொறுக்கிய காய் ஒரே சாக்கில் கலந்து போயிருக்கும்போது எதை வைத்துக் காட்டுவார்? அதற்கு மேல், அவர் தட்டை மற்றவர்கள் மறுபடி பார்த்த பிறகுதானே இப்போது சரக்கு போகிறது! நீண்ட நாள் வேலை செய்தவரை ‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று வாய்வார்த்தையில் நிறுத்துவதும் தொழிலாளர் அலுவலகம் வரை போகக்கூடிய விஷயம்.

ஆனால் சட்டத்தைக் காட்டி அவரை மடக்கப் போகாதீர்கள். நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நோட்டைக் காட்டுங்கள். புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து கண்ணும் கையும் பழக எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது ஸ்டோர் நடத்துகிறவருக்குத் தெரியாததில்லை. நாலு வாரம் கேளுங்கள், தேதி போட்டுக் கேளுங்கள். தேதியில்லாத அவகாசத்தை எந்த முதலாளியும் நம்பமாட்டார்.

மறுபடி பார்க்கிற ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நல்லெண்ணத்தில் செய்தீர்கள் என்பது புரிகிறது. ஆனால் அது அவரையும் மற்றவர்களையும் ஒருசேரப் புண்படுத்துகிறது. தன் தட்டு தனக்குப் பின்னால் இன்னொருவர் மடியில் ஏறுவதை அவர் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். மற்றவர்களுக்கு அதே கூலியில் இரட்டை வேலை. அவர்கள் முணுமுணுப்பதில் தவறே இல்லை. சரக்கு சுத்தமாகப் போக வேண்டும் என்றால் எல்லாத் தட்டையும் கடைசியில் ஒருவர் பார்த்து விடுகிற முறையை வையுங்கள். வாரம் ஒருவர் அதைச் செய்யட்டும், அந்த வாரம் அவருக்குப் பொறுக்குகிற வேலையைக் குறையுங்கள். முணுமுணுத்தவர்களிடம், ‘உங்கள் சுமையை இறக்கிவிட்டேன், அக்கா விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள். அவரைப் பற்றி அவர்களோடு பேசாதீர்கள், கேட்டாலும் பேசாதீர்கள்.

பரிசோதனைக்குத் தேனி போகிற நாளை ஒரு காய் எடுப்புக்கும் (அறுவடைக்கும்) அடுத்த எடுப்புக்கும் நடுவில், சரக்கு குறைவாக இருக்கிற நாளாகப் பாருங்கள். அன்றைய கூலியை யாருக்கும் பிடிப்பதில்லை என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே பேசி முடித்து, அதை நீங்களே எல்லோருக்கும் அறிவியுங்கள். ஜீப்பும் ஸ்டோர் செலவில் போகட்டும். ஒரு நாள் கூலி போய்விடும் என்றால் அக்கா வரமாட்டார். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலோரம் போய் நிற்பார்.